ஓய்வுபெறும்போதே வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிடலாமா?

கேள்வி: கோவையில் ஒரு ஜவுளி இயந்திரத் தொழிற்சாலையில் 1994 முதல் வேலை பார்க்கிறேன். வரும் மே மாதம் 58 வயது நிறைந்து ஓய்வுபெறுகிறேன். பி.எஃப். 38 லட்சம் ரூபாய் வரும். பணிக்கொடை 7,20,000 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பென்ஷன் மாதம் 4,800 ரூபாய் இருக்குமாம். 1998-இல் என் சம்பளத்தில் 4 சென்ட் இடம் வாங்கி, 2003-இல் வீடு கட்டினேன். மாடியில் ஒரு பகுதி 11,000 ரூபாய்க்கு வாடகைக்குப் போகிறது. கடன் இல்லை. மகனுக்கு 31 வயது. திருமணமாகி எங்களோடுதான் இருக்கிறான். மகளை 40 பவுன் போட்டுத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அம்மாவுக்கு 81 வயது, தம்பி வீட்டில் இருக்கிறார்கள். மனைவிக்கு 53 வயது, வேலைக்குப் போனதில்லை. வீட்டை இப்போதே தன் பெயருக்கு எழுதிவிடச் சொல்கிறான் மகன். பி.எஃப். பணத்தில் 15 லட்சம் கொடுத்தால் இரண்டாவது மாடி எழுப்பிவிடலாம் என்கிறான். வாரிசு வரி வரப்போகிறது, உயில் எழுதினால் பிறகு கோர்ட்டில் போய் நிற்க வேண்டும் என்றும் சொல்கிறான். மகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. வீட்டை எழுதிவிடலாமா? எனக்கு எவ்வளவு வரி வரும்? பணத்தை எங்கே போடுவது? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகன் நான்கைந்து இடங்களில் வருகிறார். மகள் வருகிறார், தாயார் வருகிறார், தம்பியும் வருகிறார். உங்கள் துணைவியார் ஒரே ஒரு வரியில் வருகிறார்: வயது 53, வேலைக்குப் போனதில்லை. நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்களுக்கு வரும் 4,800 ரூபாய் பென்ஷனில், உங்கள் காலத்துக்குப் பிறகு துணைவியாருக்குக் கிடைப்பது பாதி. அதாவது மாதம் 2,400 ரூபாய். அவர் உங்களைவிட ஐந்து வயது இளையவர். நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனாலும் திட்டம் போடும்போது, அவர் தனியாக இருக்கக்கூடிய பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கும் சேர்த்தே போட வேண்டும். அந்தக் காலத்தில் அவர் யாரிடமும் கை நீட்டாமல் இருக்க வழி செய்வதுதான் உங்கள் ஓய்வுக்காலத் திட்டத்தின் முதல் வேலை. மாடியும் பங்கும் வரியும் அதற்குப் பிறகு.

ஆகவே முதல் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன். வீட்டை இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள். மகனுக்கும் வேண்டாம், மகளுக்கும் வேண்டாம்.

உங்கள் மகனைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மாள் மஞ்சள் பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். இரண்டு பாஸ்புக், ரப்பர் பேண்ட் போட்ட இன்சூரன்ஸ் ரசீதுகள், ஒரு பழைய ரேஷன் கார்டு, மடித்து மடித்துக் கிழிந்துபோன வீட்டு வரி ரசீது. வீட்டுப் பத்திரம் மட்டும் இல்லை. விசாரித்தால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த வீடு மகன் பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் ஆகியிருந்தது, அதாவது உயிரோடு இருக்கும்போதே தானமாக எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் இந்த அம்மாளே. என்ன பத்திரம் என்று நீங்கள் கேட்கவில்லையா என்றேன். "அவர் போடச் சொன்னார், போட்டேன்" என்றார். அந்த மகன் நல்லவர். அம்மாவைக் கூடவே வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் தொழில் நொடித்தது, வீட்டின் மேல் வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை. கடன் கொடுத்தவர்கள் வீட்டைக் கேட்டு நின்றார்கள். அம்மா குடியிருக்கிறாரே என்று பார்ப்பதற்கு அந்தப் பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை.

செட்டில்மெண்டில் உள்ள ஆபத்து இதுதான். மகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வீடு அவர் பெயருக்குப் போன பிறகு அவருடைய கடன், அவருடைய தொழில், அவருடைய ஆயுள் எல்லாவற்றோடும் அது பிணைந்துவிடுகிறது. சொல்லவே கூடாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மகனுக்கு ஏதாவது நேர்ந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீடு அவருடைய மனைவிக்கும் குழந்தைகளுக்கும் தாய்க்கும் போகும். முதல் வகுப்பு வாரிசுப் பட்டியலில் தாய் இருக்கிறார், தந்தை கிடையாது. 1998-இல் ஓவர்டைம் பார்த்து இடம் வாங்கிய உங்களுக்கு, உங்கள் வீட்டிலேயே சட்டப்படி ஒரு பங்கும் இல்லாமல் போகும்.

எழுதிக் கொடுத்துவிட்டு, சரியில்லை என்றால் ரத்து செய்துகொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மகன் ஏற்றுக்கொண்ட தானத்தை நீங்கள் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 23-ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பைத் தருகிறது: கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லிக் கோட்டாட்சியர் முன் மனுக் கொடுக்கலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. மூத்த குடிமக்களுக்குச் சாதகமாகவே அந்தப் பிரிவைப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது ஆறுதலான செய்தி. இவ்வளவுக்கும் அடியில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, பத்திரம் எழுதுகிறவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. அந்தப் பிரிவு பேசுவது மூத்த குடிமக்களைப் பற்றி. சட்டத்தில் மூத்த குடிமகன் என்றால் 60 வயது நிறைந்தவர். உங்களுக்கு 58. நீங்கள் இப்போது எழுதிக் கொடுத்தால், அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உண்டா என்பதே தனி வழக்காகிவிடும்.

மகன் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம். வாரிசு வரி என்று இந்தியாவில் இன்று எதுவும் இல்லை. 1953-இல் எஸ்டேட் டூட்டி என்று ஒரு சட்டம் வந்தது. வசூலானது குறைவு, வழக்கும் அலைச்சலும் அதிகம் என்று 1985-இல் அதை எடுத்துவிட்டார்கள். அப்போது நிதியமைச்சர் வி.பி. சிங். வரும் வரும் என்று அவ்வப்போது பேச்சு கிளம்பும், அடங்கும். வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். வராத வரிக்குப் பயந்து இருக்கும் வீட்டைக் கொடுக்கக் கூடாது.

செலவுக் கணக்கும் அவர் சொல்வதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் செட்டில்மெண்ட் செய்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலைக்கு முன் இவை 25,000, 4,000 என்று இருந்தன. கோவையில் 4 சென்ட் வீடு என்றால் வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு, எளிதாக 40 லட்சத்தைத் தாண்டும். ஆகவே முழு 50,000 ரூபாயும் கட்ட வேண்டியிருக்கும். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது.

நாளைக்கு வீட்டை விற்கும்போது வரும் மூலதன ஆதாய வரியிலும் செட்டில்மெண்டுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. தானமாக வந்தாலும் உயிலால் வந்தாலும், அடக்க விலை என்று எடுத்துக்கொள்வது நீங்கள் வாங்கிய விலையைத்தான். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய இடம் என்பதால், விரும்பினால் அந்த நாளின் சந்தை மதிப்பை, அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல், எடுத்துக்கொள்ளலாம். 2003-இல் கட்டியபோது வாங்கிய கம்பி, சிமெண்ட் பில்களும் கொத்தனார் கணக்கும் எங்காவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அவை உங்கள் பிள்ளைகளுக்கு ஒருநாள் பணமாகும்.

உயில் எழுதினால் கோர்ட்டில் நிற்க வேண்டும் என்கிறாரே, அது பாதி உண்மை. சரியாக எழுதாத உயில்தான் கோர்ட்டில் போய் நிற்கும். ஆனால் உயிலே எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களும் உங்கள் மகனும் யோசித்ததாகத் தெரியவில்லை. நீங்கள் உயில் எழுதாமல் போனால் வீடு நான்கு சம பங்காகும்: மனைவி, மகன், மகள், தாயார். ஆம், உங்கள் தாயாருக்கும் கால் பங்கு உண்டு. பின்னொரு நாள் அவரும் உயில் எழுதாமல் காலமானால், அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். பாதி உங்கள் தம்பிக்கு, மறுபாதி உங்கள் பிள்ளைகளுக்கு. அதாவது உங்கள் வீட்டில் எட்டில் ஒரு பங்கு உங்கள் தம்பியுடையது. அவர் தங்கமானவராக இருக்கலாம். ஆனால் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ அவர் கையெழுத்து வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவரிடமிருந்து விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும். அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளின் கையெழுத்து வேண்டும். அண்ணன் தம்பி குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போவதற்கு இந்த எட்டில் ஒரு பங்கு போதும். நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே உயில் எழுதுங்கள். இந்த மாதமே எழுதலாம், ஓய்வுபெறும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். வீடு உங்கள் சுயசம்பாத்தியம் என்பதால் யாருக்கு எழுதவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. எனக்குச் சரியென்று படுவதைச் சொல்கிறேன். வீட்டை உங்கள் துணைவியாருக்கு முழு உரிமையோடு எழுதுங்கள். உங்களுக்கு முன்னால் அவர் காலமாகிவிட்டால் மகனும் மகளும் சரிபாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள். இந்த இரண்டாவது வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆயுள் உரிமை மட்டும் கொடுக்கலாமே, அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதலாமே என்று பத்திர எழுத்தர் சொல்வார். அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் ஆயுள் உரிமை மட்டும் உள்ளவர் அவசரத்துக்கு வீட்டை அடமானம் வைக்க முடியாது, விற்க முடியாது. எழுபது வயதில் மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்றால் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும். தவிர, இந்துப் பெண்ணுக்கு இப்படி வரம்போடு கொடுத்த உரிமை எப்போது முழு உரிமையாக மாறும் என்பதில் சட்டச் சண்டை நிறைய நடந்திருக்கிறது. 1977-இல் உச்ச நீதிமன்றம் துளசம்மா வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகும் அது முழுதாக ஓயவில்லை. முழு உரிமை கொடுத்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அவர் உயில் எழுதாமல் போனாலும் வீடு மகனுக்கும் மகளுக்கும் சமமாகத்தான் போகும்.

எழுதும் முறை சுலபம். வெள்ளைத்தாளே போதும். உங்களுக்குப் புரிகிற தமிழில் எழுதுங்கள். கிரயப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும், சர்வே எண், கதவு எண், நான்கு எல்லைகள் எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். சாட்சிகள் இருவர், நீங்கள் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உங்களைவிடப் பத்து வயதாவது இளையவர்களாக, உயிலால் எந்தப் பயனும் அடையாதவர்களாக, உள்ளூரிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள். பின்னாளில் யாராவது மறுத்தால், உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். இதற்கு முன் ஒரு வேலை: வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து, பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கிரயம் முடித்துவிட்டுப் பட்டா மாற்றாமலே இருபது ஆண்டுகள் ஓட்டியவர்கள் ஏராளம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். "செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். 40 பவுன் நீங்கள் அன்போடு கொடுத்த சீர். சட்டத்தில் அது பங்கைக் கழிக்கும் கணக்கு அல்ல. உயில் இல்லாவிட்டால் அவருக்கும் மகனுக்கும் ஒரே அளவுதான். மகன் உங்களோடு இருந்து கவனித்துக்கொள்கிறார், அவருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் இருவரும் மனதார நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள். அதற்கான காரணத்தை உயிலிலேயே ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையை விட்டுவிடும் உயிலைத்தான் நீதிமன்றங்கள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. என் சொந்த அபிப்பிராயம் வேறு. மகளைப் பாதியாக நினைக்காதீர்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் திருப்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர் அவராகவும் இருக்கலாம்.

தாயாரையும் உயிலில் மறக்காதீர்கள். வீட்டில் பங்கு கொடுத்துச் சிக்கலாக்க வேண்டாம். உங்களுக்குப் பிறகு அவர் இருந்தால், வங்கி வைப்பிலிருந்து ஒரு தொகை அவருடைய மருந்துச் செலவுக்கு என்று குறிப்பிட்டு எழுதிவிடுங்கள்.

இனிப் பணம். பி.எஃப். தொகை முழுவதற்கும் வரி இல்லை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் நீங்கள். பணிக்கொடைக்கு 20 லட்சம் வரை வரி இல்லை. உங்களுக்குச் சொன்ன கணக்கு சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 32 ஆண்டுகளுக்கு 7,20,000 வருகிறது என்றால் உங்கள் சம்பளம் 39,000 என்று எடுத்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆக உங்கள் கைக்கு வருவது 45,20,000 ரூபாய். மகன் கேட்கும் 15 லட்சம் இதில் மூன்றில் ஒரு பங்கு. கொடுக்காதீர்கள். சம்பாதிக்கும் வயதில் இருப்பவர் கடன் வாங்கிக் கட்டலாம். 58 வயதுக்காரருக்கு அந்தப் பணத்தை மறுபடி சம்பாதிக்க வழி இல்லை. மாடி கட்டியே ஆக வேண்டும் என்றால் அவர் தன் சம்பளத்தைக் காட்டி வீட்டுக் கடனுக்குப் போகட்டும். நிலத்தின் உரிமையாளரையும் கடனில் சேர்த்துக்கொண்டு வங்கிகள் கடன் தருவது வழக்கம், வீட்டை மாற்றி எழுத வேண்டிய அவசியம் இல்லை. அப்போதும் வீடு அடமானத்தில்தான் இருக்கும் என்பதால் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். கடன் தொகைக்கு ஈடான டேர்ம் இன்சூரன்ஸை, அதாவது அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தத் தொகையைத் தரும் ஆயுள் காப்பீட்டை, அவர் எடுக்க வேண்டும். மாதத் தவணை அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

45,20,000 ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன். 25 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். நான் இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 51,250 ரூபாய் கைக்கு வரும். 60 ஆகவில்லையே என்று யோசிக்க வேண்டாம். 55 வயதைத் தாண்டி ஓய்வுபெற்றவர்கள், ஓய்வூதியப் பலன்களைப் பெற்ற மூன்று மாதத்துக்குள் சேரலாம். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் 60 வயது வரை காத்திருக்க வேண்டியதுதான். பணம் வரவு வைத்த கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, வந்த வாரமே அஞ்சலகத்துக்குப் போங்கள். கணக்கைத் துணைவியாரோடு கூட்டாகத் தொடங்குங்கள், அவருக்கு வயது வரம்பு இல்லை. நீங்கள் இல்லாவிட்டாலும் முதிர்வு வரை அவர் அதே வட்டியில் கணக்கைத் தொடரலாம்.

9 லட்சம் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில், துணைவியார் பெயரில் மட்டும். தனிநபர் கணக்குக்கு அதுதான் உச்சவரம்பு. 7.4 சதவீத வட்டியில் மாதம் 5,550 ரூபாய் அவருடைய சேமிப்புக் கணக்குக்கு வரும். மனைவிக்குக் கொடுத்த பணத்தின் வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. சேரட்டும், உங்களுக்கு வரி வரப்போவதில்லை. அவர் தன் பெயரில் ஒரு பாஸ்புக் வைத்து, தானே போய்ப் பதிந்து, தானே பணம் எடுத்துப் பழகுவதுதான் எனக்கு முக்கியம். 53 வயதில் கற்றுக்கொள்வது எளிது, 73 வயதில் துக்கத்தோடு கற்றுக்கொள்வது கொடுமை.

4 லட்சம் அவசரத்துக்கு, வங்கி வைப்பாக, இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டோடு. மீதி 7,20,000 ரூபாயை, அதாவது பணிக்கொடைத் தொகையை, பங்கும் கடன்பத்திரமும் கலந்த மியூச்சுவல் ஃபண்டில் போட்டு எட்டு ஆண்டுகள் தொடாமல் விடுங்கள். ஒரேயடியாகப் போடாமல் ஓராண்டில் பிரித்துப் போடுங்கள். இன்று 30,000 ரூபாயில் நடக்கும் குடும்பம் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதில் நடக்காது. நிலையான வட்டி மட்டும் விலைவாசியைத் துரத்திப் பிடிக்காது.

வரிக் கணக்கு இதோ. மூத்த குடிமக்கள் திட்ட வட்டி ஆண்டுக்கு 2,05,000. மாத வருமானத் திட்டம் 66,600. வங்கி வைப்பு சுமார் 26,000. வாடகை 1,32,000, அதில் 30 சதவீதக் கழிவு போக 92,400. பென்ஷன் 57,600, நிலைக்கழிவு 75,000 வரை உண்டு என்பதால் அது முழுவதும் கழிந்துவிடும். மொத்தம் 3,90,000 ரூபாய். புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. 12 லட்சம் வரை தள்ளுபடியும் இருக்கிறது. ஓய்வுபெறும் ஆண்டில் இரண்டு மாதச் சம்பளம் சேர்ந்தாலும் நிலைமை மாறாது. வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் வங்கியிலும் அஞ்சலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.

மாதக் கணக்கில் பார்த்தால் 17,000, 5,550, 4,800, 11,000 என்று சுமார் 38,000 ரூபாய் வருகிறது. நீங்கள் இல்லாத காலத்தில் துணைவியாருக்கு 36,000 ரூபாய் அளவில் வரும். இதில் அந்த 11,000 ரூபாய் வாடகையைக் கவனியுங்கள். வீட்டை எழுதிக் கொடுத்தால் அதுவும் சட்டப்படி மகனுடையதாகிவிடும். 15 லட்சத்தையும் கொடுத்திருந்தால் வட்டியில் இன்னொரு பத்தாயிரம் குறைந்திருக்கும். 36,000 என்பது 15,000 ஆகிவிடும்.

நாமினி விஷயத்தில் கவனம் தேவை. நீங்கள் 1994-இல் வேலைக்குச் சேர்ந்தபோது பி.எஃப். படிவத்தில் யார் பெயரை எழுதினீர்கள் என்று நினைவிருக்கிறதா? திருமணத்துக்கு முன் எழுதியது என்றால், விதிப்படி திருமணத்தோடு அது செல்லாமல் போயிருக்கும். புதிதாக எழுதாவிட்டால் பணம் வாங்க அலைய நேரும். ஓய்வுபெறும் முன்பே பி.எஃப். இணையதளத்தில் ஆதார் வழியாக நியமனத்தைப் புதுப்பியுங்கள். வங்கி வைப்புகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் இன்சூரன்ஸ் வழக்கிலும் 2023 டிசம்பரில் பங்குகள் பற்றிய வழக்கிலும் சொல்லியிருக்கிறது. ஆகவே உயிலில் யார் பெயரோ, நாமினியிலும் அந்தப் பெயரே இருக்கட்டும்.

தொழிற்சாலையின் குழு மருத்துவக் காப்பீடு மே மாதத்தோடு முடியும். அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று இப்போதே மனிதவளப் பிரிவில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

உங்கள் மகனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் இருக்கும். அவருக்கு ஒளித்து எதையும் செய்ய வேண்டாம். மகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். "வீடு உங்கள் இருவருக்கும்தான், ஆனால் முதலில் அம்மாவுக்கு" என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். உயிலின் வரைவைப் படித்துக் காட்டுங்கள். சாப்பாடு முடிந்து பேசத் தொடங்கும்போது துணைவியார் பாத்திரம் கழுவ எழுந்து போவார். போகவிடாதீர்கள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் படியுங்கள்.